சுவிஸ் துப்பாக்கி சுட்ட ஏழு பேர்

விஸ்கான்சின் மாநிலத்தில் பெர்ச் லேக் ஊரிலும் அதைச் சுற்றி நாற்பது மைலிலும் எந்த வீட்டு நிலவறையில் குளிர் போக்கும் உலை அணைந்தாலும் ஆர்லின் ஹௌகனைத்தான் கூப்பிடுவார்கள். ஜனவரிக் குளிரில், குழாயில் தண்ணீர் கல்லாகிக் கிடக்கும் விடியலில், கடவுளுக்கு அடுத்தபடி அவன்தான். மே மாதம் பிறந்தால் அவனை ஒருவருக்கும் நினைவிருக்காது. பெர்ச் லேக் துப்பாக்கிக் கிளப்பிலோ அவனுக்கு வருஷம் முழுக்க மே மாதம்தான்.

கிளப்பில் அவன் சேர்ந்து பத்தொன்பது வருஷம். இலக்கு அட்டைகளை மாட்டுவான், கழற்றுவான், காபி போடுவான், கடிதத்தாள் அச்சடித்து வைப்பான். கொட்டகை நடுவே இருக்கும் விறகடுப்பின் புகைபோக்கியைச் சுத்தம் செய்வதும் அவன்தான். ஆனால் அந்த அடுப்பைச் சுற்றிப் போட்டிருந்த ஒன்பது நாற்காலிகளில் ஒன்றில்கூட அவன் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் சண்டையாவது போடலாம்.

அந்த நாற்காலிகள் பழைய பட்டாளத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு. துப்பாக்கி மட்டும் போதாது. அதை முதன்முதலாகச் சுடும் நாளில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, அது எந்தப் போரில் யார் கையில் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். பெண் பார்க்க வந்த இடத்தில் ஜாதகம் வாசிக்கிற மாதிரி. வாசித்து முடித்ததும் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்கப்புறம்தான் தோட்டா.

கிளப்பின் தலைவர் வெர்ன் கப்லர், ஓய்வுபெற்ற காப்பீட்டு முகவர். அவரிடம் இருந்த ரஷ்யத் துப்பாக்கி ஸ்டாலின்கிராட் சண்டையில் வீடு வீடாகப் புகுந்து வந்ததாம். அதன் குழாயில் 1944 என்று அச்சு இருக்கிறது. ஸ்டாலின்கிராட் சண்டையோ அதற்கு முந்தைய வருஷமே முடிந்துவிட்டது. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். அவரவர் துப்பாக்கியிலும் ஏதோ ஒரு வருஷம் அச்சாகித்தானே இருக்கிறது. இத்தனைக்கும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் பட்டாளத்தில் ஜெர்மனியில் லாரி ஓட்டியவர், இன்னொருவர் டெக்சாஸில் டைப் அடித்தவர். வெர்ன் பட்டாளப் பக்கமே போகவில்லை, முழங்காலில் ஏதோ கோளாறு.

உண்மையிலேயே போருக்குப் போன ஆள் கிளப்பில் ஒருவர்தான் இருந்தார். எல்டன் ரூட், எழுபத்து மூன்று வயது, கொரியாவில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தவர். அங்கே என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. இரும்புக்கடையில் வாங்கிய மான் சுடும் துப்பாக்கி ஒன்றோடு வருவார், பத்துத் தோட்டா சுடுவார், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காபி குடிப்பார், போய்விடுவார். நாற்காலி தருகிறோம் என்றபோதும் வேண்டாம் என்றுவிட்டார். அவருக்கு ஏதோ தலைக்கனம் என்று வெர்ன் சொல்லுவார்.

ஆர்லினுக்கு அந்த நாற்காலி மேல் அப்படி என்ன ஆசை என்று கேட்டால், அதற்குக் காரணம் 1969 டிசம்பரில் இருக்கிறது. வியட்நாமுக்கு ஆள் எடுக்க நாட்டில் பிறந்தநாள்களைச் சீட்டுக் குலுக்கினார்கள். அவன் பிறந்தநாளுக்கு விழுந்தது முந்நூற்றுப் பதினொன்று. அவ்வளவு பின்னால் இருக்கிற நம்பர் வரைக்கும் அழைப்பு வரப்போவதே இல்லை. அன்றைக்கு நண்பர்களுக்கு பீர் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினான். அவன் வகுப்பில் ஆறு பேர் போனார்கள், நான்கு பேர் திரும்பினார்கள். அந்த பீரின் கூச்சம் முப்பத்தைந்து வருஷமாக அவன் தொண்டையைவிட்டு இறங்கவில்லை. அடுப்போரம் ஒரு நாற்காலி கிடைத்தால் இறங்கிவிடும் என்று எப்படியோ அவனுக்கு ஒரு நம்பிக்கை.

2004 குளிர்காலத்தில் அடுப்போர ஆசாமி ஒருவர் போய்ச் சேர்ந்தார். ஒரு நாற்காலி காலி. ஏப்ரலில் மாவட்டக் கண்காட்சித் திடலின் மாட்டுக் கொட்டகையில் துப்பாக்கிச் சந்தை கூடியது. ஆர்லின் கதவு திறக்கும் முன்பே போய் நின்றான்.

ரஷ்யத் துப்பாக்கிதான் வாங்கப் போயிருந்தான். ஊரே அதைத்தான் வைத்திருந்தது. பழைய பீப்பாய்களில் துப்பாக்கிகளைக் கரும்புக்கட்டு மாதிரி நிறுத்தி வைத்திருந்த வியாபாரி உதட்டைப் பிதுக்கினான்.

"ரஷ்யன் எல்லாம் போன வாரச் சந்தையிலேயே போயிடுச்சுப்பா. சுவிஸ் இருக்கு. எடுத்து இழுத்துப் பாரு, வெண்ணெய் மாதிரி போகும்."

தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டை முறுக்க வேண்டியதில்லை, நேராகப் பின்னுக்கு இழுத்துத் தள்ளினால் போதும். உண்மையிலேயே வெண்ணெய்தான். கைக்கடிகாரம் செய்கிற ஆட்கள் துப்பாக்கி செய்தால் அப்படித்தான் இருக்கும். ஆர்லினுக்கு மனசு வந்துவிட்டது. ஆனால் ஒரு சந்தேகமும் கூடவே வந்தது.

"சுவிஸ்காரன் எங்கய்யா சண்டை போட்டான்?"

"சண்டை போடலைன்னா என்ன, எல்லை இருந்துச்சில்ல? எல்லைக்கு அந்தாண்ட யாரு? ஹிட்லரோட ஆளு. இந்தக் கட்டையைப் பாரு."

தோளில் பதியும் அடிக்கட்டையின் கீழ்ப்பாதி முழுக்கக் காயம். வெட்டும் சிராய்ப்புமாக, நாய் கடித்துப் போட்ட மாதிரி கறுத்துக் கிடந்தது.

"இதெல்லாம் எப்படி வந்துச்சுன்னு நினைக்கிறே? கொஞ்சினதால வந்துச்சா?"

ஆர்லின் அந்தக் காயங்களை விரலால் தடவினான். அவ்வளவுதான், நூற்று நாற்பது டாலரை எடுத்து வைத்தான். வாங்குகிறவர் நிரப்பும் படிவத்தில் புத்தி பேதலித்தவரா என்று ஒரு கேள்வி. இல்லை என்று குறி போட்டான். நியாயமாகப் பார்த்தால் அந்தக் கேள்வியை அவன் மனைவி மார்லிஸிடம் கேட்டிருக்க வேண்டும்.

மார்லிஸ் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். புருஷன் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்ததைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

"மான் சுட ஏற்கெனவே ரெண்டு இருக்கு. இது எதைச் சுட?"

"இது சுடறதுக்குன்னு இல்ல மார்லிஸ். இது வரலாறு."

"சரி. வரலாறு கார் ஷெட்டுலயே இருக்கட்டும். சோபாவுல கிரீஸ் ஆகும்."

கார் ஷெட்டில்தான் அந்த அதிசயம் நடந்தது. சுவிஸ் பட்டாளத்தில் ஒரு வழக்கம் உண்டு. துப்பாக்கி யாருடையதோ அவன் தன் பெயரையும் ஊரையும் ஒரு சீட்டில் எழுதி, அடிக்கட்டைத் தகட்டுக்குக் கீழே செருகி வைப்பான். சந்தையில் வியாபாரி சொல்லி அனுப்பியிருந்தான். ஆர்லின் இரண்டு திருகாணிகளைக் கழற்றித் தகட்டைத் தூக்கினான். மடித்த காகிதம் ஒன்று பழுப்பேறி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆல்பின் கிஸ்லர், பிறப்பு 1923, ஒரு படைப்பிரிவு எண், மலைக் கிராமம் ஒன்றின் முகவரி.

ஆர்லின் கண் கலங்கிப் போனான். அன்றைக்கே கடிதம் எழுதினான். வீட்டில் நல்ல தாள் இல்லாததால் கிளப்பின் கடிதத்தாளில் எழுதினான். தலைப்பில் மான் கொம்பு, கீழே கிளப்பின் தொலைபேசி எண். அன்புள்ள திரு கிஸ்லர் அவர்களுக்கு என்று தொடங்கி, உலை பழுது பார்ப்பவன் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டு, கடைசியில் மிகப் பணிவாக, தாங்கள் இத்துப்பாக்கியால் எத்தனை எதிரிகளை வீழ்த்தினீர்கள் என்று அறிய ஆவல் என்று முடித்தான்.

"இதையாடா ஒரு கிழவனைப் பார்த்துக் கேப்பாங்க?" என்றாள் மார்லிஸ். கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை போய்விடும்.

மே கடைசி வரைக்கும் பதில் இல்லை. சுடும் நாள் வந்துவிட்டது.

அன்றைக்குப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது என்றுதான் ஆர்லின் நினைத்திருந்தான். இதை நம்பலாம், அவன் இயல்பாகப் பொய் சொல்கிறவன் இல்லை. உலை மாற்ற வேண்டாம், சுத்தம் செய்தால் போதும் என்று சொல்லி வருமானத்தைக் கெடுத்துக்கொள்கிற ஆள். மேசை முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, ஆல்பின் கிஸ்லர், சுவிஸ் மலைப்படை, எல்லைக் காவல் என்று சொன்னான். நிறுத்தினான்.

வெர்ன் புருவத்தைத் தூக்கினார். "அவ்வளவுதானா?"

டெக்சாஸில் டைப் அடித்தவர் சிரித்தார். "காவல்னா? பசு மாட்டுக்கா?"

அந்தச் சிரிப்புதான் ஆர்லினைக் கெடுத்தது. அவன் வாய் தானாகத் திறந்தது.

"நாப்பத்தி நாலு, குளிர்காலம். கணவாய்ல தனியா நின்னான். ஜெர்மன் ரோந்துப் படை ஒண்ணு எல்லை தாண்டி வந்துச்சு. ஏழு பேரு. இதுல ஆறு தோட்டாதான் கொள்ளும்." துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பிக் காயம்பட்ட கட்டையைக் காட்டினான். "ஏழாவது ஆளுக்கு இது."

ஏழுக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கும் என்று ஆர்லினுக்கே சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. வெர்ன் எழுந்து வந்து கட்டையைத் தொட்டுப் பார்த்தார். ஸ்டாலின்கிராடுக்கே அவர் இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

பிறகு சுட்டான். முதல் தோட்டா தோளில் கழுதை உதை விட்டுவிட்டு, அட்டைக்கு மேலே மண்மேட்டில் போய்ப் புதைந்தது. அந்தத் துப்பாக்கியின் குறி முந்நூறு மீட்டருக்கு அமைத்தது, இவன் நின்றது நூறில். கீழே குறி வைத்தான். அடுத்த ஐந்தில் நான்கு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. இதுவரை இரண்டுக்கு மேல் அவனுக்கு விழுந்ததில்லை. கன்னத்தில் மரத்தின் எண்ணெய் வாசனை, காதில் ஒரு ரீங்காரம், தோள் விண் விண் என்று தெறித்தது. வெகு நாளைக்கப்புறம் அவன் சந்தோஷமாக இருந்தான்.

"அந்தப் பையனோட கைராசி இன்னும் குழாய்க்குள்ளயே இருக்குப்பா," என்றார் வெர்ன். "வா, வந்து உட்காரு."

ஒன்பதாவது நாற்காலியில் ஆர்லின் உட்கார்ந்தான். அடுப்பு அன்றைக்கு எரியவில்லை, மே மாதம். இருந்தாலும் கதகதப்பாகத்தான் இருந்தது.

கதை என்பது கொட்டிலில் கட்டிய கன்றா, விட்ட இடத்தில் நிற்க? ஜூனில் அதற்குப் பனிப்புயல் சேர்ந்தது. ஜூலையில் ஒரு நாய். ஆகஸ்ட் முதல் வாரம் வெர்ன் ஓக் பலகை ஒன்றில் கிஸ்லரின் பெயரைச் சூட்டுக்கோலால் பொறித்து அடுப்புக்கு மேலே மாட்டினார். இரண்டாம் வாரம் கடிதம் வந்தது.

உறை சுவிட்சர்லாந்திலிருந்து வந்ததல்ல. எழுபது மைல் தள்ளி இருக்கும் மன்றோ ஊரிலிருந்து. கிஸ்லரின் தங்கை மகள் வெரேனா அங்கே பாலாடைக்கட்டிக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு முப்பது வருஷமாக இருக்கிறாள். மாமா இப்போது அவள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதியிருந்தாள்.

"மதிப்புக்குரிய ஐயா, நான் அந்தப் படைப்பிரிவின் சமையல்காரன். துப்பாக்கி மாவு மூட்டைக்குப் பின்னால் இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை கட்டாயப் பயிற்சியில் சுடுவேன். மேலதிகாரிக்கு என் சூப் பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு வருஷமும் என்னைத் தேற விட்டார். தாங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: ஒருவரையும் இல்லை. அந்தத் துப்பாக்கியை ஒரு முறை பார்க்க ஆசை. செப்டம்பர் வரை இங்கே இருப்பேன்."

ஆர்லின் அதை இரண்டு முறை படித்தான். கடிதத்தைக் கருவிப்பெட்டியில், பர்னர் முனைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தான். திருகாணி தேடப் போன மார்லிஸ் அதை எடுத்து, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"சூப்பு பிடிக்கும்கிறதால தேற விட்டாராம். தங்கமான மனுஷன். வரச் சொல்லு."

"விளையாடாதே மார்லிஸ். நாற்காலி போயிடும்."

"நம்ம வீட்டுலயே ஆறு நாற்காலி இருக்கு, ஆர்லின்."

"உனக்குப் புரியாது."

"புரியுது. வியட்நாமுக்குப் போகாததுக்கு நீ வெட்கப்படுறே. போயிருந்தா நான் யாரைக் கட்டியிருப்பேன்னு நினைச்சுப் பார்த்திருக்கியா?" சிரிப்பு நின்றுபோயிருந்தது. "உண்மையைச் சொல்லிடு."

அவன் சொல்லவில்லை. பதிலும் எழுதவில்லை. கிழவர் ஊருக்குத் திரும்பிவிடுவார், எல்லாம் அடங்கிவிடும் என்று இருந்தான். ஆனால் அந்தக் கடிதத்தாளின் அடியில் கிளப்பின் தொலைபேசி எண் இருந்தது. பதில் வராததால் வெரேனா அந்த எண்ணைக் கூப்பிட்டாள். எடுத்தவர் வெர்ன். கிஸ்லர் உயிரோடு இருக்கிறார், அதுவும் எழுபது மைல் தூரத்தில் என்று கேட்டதும் அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. செப்டம்பர் முதல் சனிக்கிழமைக்கு நாள் குறித்தார், சாசேஜுக்குச் சொன்னார், நாலு ஊர்க் கிளப்புகளுக்கு அழைப்பு அனுப்பினார். அதற்கப்புறம்தான் ஆர்லினிடம் சொன்னார்.

"உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் சொல்லலை," என்றார்.

ஆர்லினுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவன்தான் முதல் ஆளாக வந்து கரி மூட்டினான். வெளியே பெஞ்சில் எல்டன் மட்டும் உட்கார்ந்திருந்தார். ஆர்லினுக்கு யாரிடமாவது சொல்லித் தொலைத்தால்தான் மூச்சு விட முடியும் போல இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான். எல்டன் காபியை ஊதி ஊதிக் குடித்தபடி கேட்டார்.

"எதுக்கு ஏழு?" என்றார்.

"ஆறு தோட்டா. ஒண்ணு கட்டைக்கு."

"ஓ." காபியை இன்னொரு முறை ஊதினார். "ஆறு தோட்டாவுக்கு ஆறு பேரு விழ மாட்டாங்க, ஆர்லின்."

எழுந்து போய்க் கோப்பையைக் கழுவினார்.

பத்து மணிக்குள் அறுபது பேர் சேர்ந்துவிட்டார்கள். சாசேஜ் பீரில் வெந்துகொண்டிருந்தது. உருளைக்கிழங்கு சாலட் நாலு தட்டு. வெரேனாவின் கார் வந்து நின்றதும் கூட்டம் தானாக இரண்டு வரிசையாகப் பிரிந்தது. முன் இருக்கையிலிருந்து இறங்கியது கட்டையாக, உருண்டையாக, பின்னல் சட்டையும் வழுக்கைத் தலையுமாக ஒரு தாத்தா. கையில் ஊன்றுகோல். இரண்டு பக்கமும் ஆட்கள் விறைத்து நிற்பதைப் பார்த்து, யாரோ செத்துப்போய்விட்டார்களா என்று வெரேனாவிடம் கேட்டார்.

அவரைக் கொட்டகைக்குள் கூட்டிப்போனதும் வெர்ன் பேச ஆரம்பித்தார். காப்பீட்டு முகவர், வாய்க்குக் கேட்கவா வேண்டும்? பனிப்புயல் வந்தது, கணவாய் வந்தது, நாய் வந்தது. தனியாளாக நின்று ஏழு ஜெர்மானியரை வீழ்த்திய இந்த மாவீரர் என்று வெர்ன் கையை நீட்டினார். மாமாவின் காதில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்த வெரேனா அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஆர்லின் பக்கம் திரும்பினாள். கடிதம் எழுதியவள் அவள்தானே. ஆர்லினின் முகம் உலைச் சாம்பல் மாதிரி இருந்தது. பத்தொன்பது வருஷம் போட்ட காபி, முப்பத்தைந்து வருஷத்துக் கூச்சம், மூன்று மாதம் உட்கார்ந்த நாற்காலி எல்லாம் இந்தக் கிழவர் வாயைத் திறக்கிற வரைக்கும்தான். மார்லிஸ் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிழவர் அடுப்புக்கு மேலே தன் பெயர் பொறித்த பலகையைப் பார்த்தார். அறுபது முகங்களையும் பார்த்தார். ஆர்லினை நன்றாகப் பார்த்தார். அப்புறம் தனக்குத் தெரிந்த கொஞ்ச நஞ்ச ஆங்கிலத்தில், மெதுவாக,

"ஏழு தப்பு," என்றார்.

ஆர்லின் கண்ணை மூடிக்கொண்டான்.

"பதினொண்ணு."

கைதட்டலில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. வெர்ன் தொப்பியைக் கழற்றிவிட்டார். துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தார்கள். சுடச் சொன்னார்கள். கிழவர் ஆறு தோட்டா சுட்டார். ஒன்றுகூட அட்டையில் படவில்லை. ஒன்று மட்டும் அட்டை மாட்டியிருந்த கம்பத்தை உராய்ந்துகொண்டு போனது.

"ஆளைச் சுட்டுப் பழகினவங்களுக்கு அட்டையைச் சுட மனசு வராது," என்று வெர்ன் விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்ததும் ஆர்லின் கிழவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான். வெரேனா நடுவில் நின்று இரு பக்கமும் சொன்னாள்.

"ஏன் ஐயா அப்படிச் சொன்னீங்க?"

கிழவர் கூச்சத்தோடு சிரித்தார். "பாலாடைக்கட்டி ஒரு வட்டம் எடுத்து வச்சிருந்தோம். இவ வீட்டுலயே மறந்துட்டா. இவ்வளவு பேரு காத்துக்கிட்டிருக்காங்க, வெறுங்கையோட வந்து நிக்கிறேன். ஏதாவது கொடுக்கணும் இல்லையா? நீங்க ஏழு கொடுத்துட்டீங்க. நான் சொந்தக்காரன், கொஞ்சம் சேர்த்துப் போட்டேன்."

"அந்தக் கட்டையில இருக்கிற காயம்?"

"அதுவா? குளிர்காலத்துல பூட்ஸ் அடியில பனி உறைஞ்சு கட்டி கட்டியா ஒட்டிக்கும். துப்பாக்கிக் கட்டையால தட்டித்தான் உடைப்போம். எங்க பட்டாளம் பூராவும் அப்படித்தான். அதிகாரி பார்த்தா திட்டுவாரு."

ஆர்லின் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றான். கிழவர் சாசேஜ் தட்டோடு உட்கார இடம் தேடினார். எல்டனின் பெஞ்சில்தான் இடம் இருந்தது. வெரேனா கடுகு எடுக்கப் போனாள். ஆர்லின் பெஞ்சின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டான்.

"நீங்களும் பட்டாளமா?" என்று கிழவர் கேட்டார்.

"கொரியா," என்றார் எல்டன்.

"அங்க என்ன வேலை?"

எல்டன் தட்டைப் பார்த்தார். "சமையல்."

தாண்டிப் போய்க்கொண்டிருந்த வெர்ன் சட்டென்று நின்றார். "என்னது? சமையலா? அடப்பாவி எல்டன், இத்தனை வருஷமா இதைத்தான் மூடி வச்சிருந்தியா?" இதை உள்ளே போய்ச் சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். போய்விட்டார்.

கிழவரின் முகம் விளக்கேற்றிய மாதிரி ஆயிற்று. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவருக்குப் பேச ஆள் கிடைக்கவில்லை. கையைக் காட்டியும் அரைகுறை ஆங்கிலத்திலும் கேட்டார். "நூத்தம்பது பேரு. பார்லி சூப்பு. நீங்க எத்தனை கிலோ போடுவீங்க? பனியை உருக்கிக் கொதிக்க வைக்க எவ்வளவு நேரம் ஆச்சு? எங்களுக்கு ரெண்டு மணி நேரம். உங்களுக்கு?"

எல்டன் தட்டிலிருந்த பன்னைக் கையில் எடுத்தார்.

"கிலோ தெரியாதுன்னா பவுண்டுல சொல்லுங்க."

"ஞாபகமில்லை."

"சமையல்காரனுக்கு அது மறக்காதே," என்றார் கிழவர். சொல்லிவிட்டு எல்டனைப் பார்த்தார். எல்டன் பன்னைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிய்த்த எதையும் சாப்பிடவில்லை. ஆர்லினுக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது, கால் வரவில்லை.

கிழவர் தன் ஊன்றுகோலைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு எல்டனின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"பார்லி பன்னெண்டு கிலோ," என்றார். "மறுபடி யாராவது கேட்டா சொல்லணும் இல்லையா. வெங்காயம் ஆறு."

"பன்னெண்டு," என்றார் எல்டன்.

"எலும்பு இருந்தா எலும்பு. இல்லைன்னா பன்றிக் கொழுப்பு."

"பன்னெண்டு பார்லி, ஆறு வெங்காயம்." எல்டன் அதை மனப்பாடம் செய்தார். "நல்ல வேலை அது, ஐயா."

"நல்ல வேலை," என்றார் கிழவர்.

உள்ளேயிருந்து ஆர்லினைக் கூப்பிட்டார்கள். அடுப்பைச் சுற்றி எட்டுப் பேர், அவர்களுக்குப் பின்னால் வேற்றூர்க்காரர்கள் இருபது பேர். பதினொன்று எப்படி ஆயிற்று என்று ஆர்லின் சொல்ல வேண்டுமாம். அவனுடைய நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தான். இவ்வளவு பேர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது அவன் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"நான் சொன்னது பொய்," என்றான். "ஏழும் பொய், பதினொண்ணும் பொய். அவரு சமையல்காரரு. ஒருத்தரையும் சுட்டதில்லை. கட்டையில இருக்கிறது பூட்ஸ் பனியைத் தட்டின தடம்."

வெர்ன் மெதுவாக எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார்.

"பார்த்தீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "அந்த மனுஷன் சொல்லச் சொல்லியிருக்காரு. அடக்கம். நிஜமா செஞ்சவங்க எல்லாம் இப்படித்தான், ஒரு வார்த்தை வெளிய விடமாட்டாங்க."

கூட்டம் உருகிப்போய்த் தலையாட்டியது. ஆர்லின் மறுபடி சொன்னான். அவன் சொல்லச் சொல்ல கிஸ்லர் இன்னும் பெரிய வீரராகிக்கொண்டே போனார்.

"சமையல்காரனைப் பார்க்கணும்னா அதோ," டெக்சாஸில் டைப் அடித்தவர் ஜன்னலைக் காட்டினார். "எல்டன். கொரியாவுல உருளைக்கிழங்கு உரிச்சுட்டு வந்து ஐம்பது வருஷமா நம்மகிட்ட மிலிட்டரி முறுக்கு காட்டியிருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்லின் எழுந்துவிட்டான். காது சுட்டது. அவர் யாரென்று தெரியுமா உங்களுக்கு என்று கேட்கப் போனான். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கிழவர் காற்றில் பெரிய அண்டாவைக் கிளறிக் காட்டிக்கொண்டிருந்தார். எல்டன் குனிந்து அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?" என்றார் வெர்ன். "எல்டன் சமையல்காரன் இல்லையா? அவன் வாயாலதானே சொன்னான்?"

"சமையல்காரர்தான்," என்றான் ஆர்லின். "நூத்தம்பது பேருக்கு சூப்பு. பார்லி பன்னெண்டு கிலோ."

அதுதான் அந்தக் கிளப்பில் அவன் சொன்ன கடைசிப் பொய். சொல்லிவிட்டு நாற்காலியை வேற்றூர்க்காரர் ஒருவர் பக்கம் தள்ளிவிட்டு, மூன்று கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டு வெளியே போனான்.